மிளகாய்ப் பழம் மற்றவர்களுக்குத் தனியாகத் தெரியுமா, டாக்டர்?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். வயது 48. நடுநிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். ஊரையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆறு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

இவருடைய அக்கா மகனுக்கு 24 வயது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வில் வெற்றி பெற்று, வீட்டில் இனிப்பு வழங்கிய பிறகு, மருத்துவப் பரிசோதனையில் நிறப்பார்வைக் குறைபாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து, நிறப்பார்வையைச் சோதிக்க, புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்த வட்டப் படங்களைச் செல்பேசியில் பார்த்திருக்கிறது. ஒரு படத்தில் மனைவி 74 என்றார். மகளும், 13 வயது மகனும் 74 என்றார்கள். அக்கா மகன் 21 என்றான். இவருக்கும் 21தான் தெரிந்தது. "மாமாவும் என் கட்சி" என்று அவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "நானும் சிரித்தேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதுகிறார்.

மாடியில் அவருக்கு நினைவு வந்தது மிளகாய்க் காடு. பத்து வயதில், பழம் மட்டும் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்துவிடுகிறான் என்று அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறார். "செடியில் பழம் தனியாகத் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எல்லோரும் என்னைப் போலத் தொட்டுப் பார்த்துத்தான் பறிக்கிறார்கள், அவர்களுக்குக் கை வேகம் அதிகம் என்று நினைத்திருந்தேன். 38 வருடம் கழித்து என் மகளைக் கேட்டேன். 'பத்தடி தூரத்திலிருந்தே தெரியுமே அப்பா' என்கிறாள். அப்பா இப்போது உயிரோடு இல்லை."

அதன் பிறகு கேள்விகள். போகப்போகப் பார்வையே போய்விடுமா? மனைவி பைக் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார், வண்டி ஓட்டலாமா கூடாதா? பல ஆயிரம் ரூபாய் கண்ணாடி ஒன்றைப் போட்டால் அக்கா மகனுக்கு வேலை கிடைக்குமா? 21 வயது மகளை அவனுக்கே கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை, அதை இனிமேலும் பேசலாமா? கடைசியாக 74 வயது அம்மா. "என் வயிற்றில்தான் கோளாறு" என்று அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் எந்தக் கேள்வியாகவும் வராத ஒன்று வரிக்கு வரி தெரிகிறது. இவ்வளவு வெளிப்படையான விஷயம் 48 வயது வரை தெரியாமல் இருந்திருக்கிறேனே, நான் என்ன முட்டாளா என்ற வெட்கம். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நிறத்தின் பெயரை நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அம்மா ஓர் இலையைக் காட்டி "பச்சை" என்றார். இலையைப் பார்த்தபோது உங்களுக்குள் என்ன தோன்றியதோ, அதற்குப் பச்சை என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குள் தோன்றியது வேறாக இருந்திருக்கலாம். அவனும் அதைப் பச்சை என்றுதான் சொல்வான். இரண்டு பேர் பார்ப்பதையும் எடுத்து வெளியே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. போதாததற்கு நம் மொழி வேறு விடையைக் கையில் கொடுத்துவிடுகிறது. பச்சை மிளகாய், செவ்வாழை, செம்பருத்தி, செம்மண் என்று பெயரிலேயே நிறம் இருக்கும்போது கண்ணுக்கு வேலை குறைவு. ரத்தம் சிவப்பு, புல் பச்சை என்று நீங்கள் ஒரு நாளும் தவறாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். தெரிந்த பொருளில் தவறு வராது. நிறத்தைத் தவிர வேறு துப்பே இல்லாத இடத்தில்தான், ஒரே செடியில் காயும் பழமும் கலந்து தொங்குவதைப் போன்ற இடத்தில்தான், அகப்பட்டுக்கொள்வீர்கள்.

அங்கேயும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் தடம் வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை பச்சைப் பேனாவால் திருத்தித் தலைமை ஆசிரியரிடம் பேச்சு வாங்கிய பிறகு வந்த பழக்கமாம். தட்டில் இருப்பது தக்காளிச் சட்னியா புதினாச் சட்னியா என்று மூக்கால் முடிவு செய்வீர்களாம். இதையெல்லாம் "என் கோமாளித்தனங்கள்" என்கிறீர்கள். 30 ஆண்டுகளாகக் கண் மருத்துவம் பார்க்கும் என் கருத்து வேறு. ஒரு புலன் கொடுக்காததை மற்றப் புலன்களிடமிருந்து வசூலித்திருக்கிறீர்கள், அதுவும் வசூலிக்கிறோம் என்று தெரியாமலே.

இப்படித் தாமதமாகக் கண்டுபிடித்தவர்களின் வரிசையில் பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டன். 1792இல், 26 வயதில், ஒரு ஜெரேனியம் பூ பகலில் வானநீலமாகவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிவதைக் கண்டு மிரண்டுபோனார். மற்றவர்களுக்கு அது இரண்டு வேளையும் ஏறக்குறைய ஒரே நிறம். அவர் கண்டதைக் கண்ட ஒரே ஆள் அவருடைய அண்ணன். 1794இல் மான்செஸ்டரில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பி, இறந்த பிறகு கண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லிவைத்தார். 1844இல் பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. பத்திரமாக வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995இல் ஆராய்ந்தபோதுதான், பச்சை ஒளிக்கு உரிய நிறமி அவரிடம் இல்லை என்று உறுதியானது. டால்டனுக்கே காரணம் பிடிபடவில்லை. கணித ஆசிரியருக்கு ஏன் பிடிபடவில்லை என்று யாரும் கேட்க முடியாது.

மருத்துவக் கல்லூரியில் என் வகுப்புத் தோழர் ஒருவருக்கும் இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. நுண்ணோக்கியில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக நாங்கள் பார்த்த திசுக்களை அவர் வடிவத்தை மட்டும் வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். எங்களுக்குத் தேர்வு கடினம். அவருக்கு இரண்டு மடங்கு கடினம் என்பது அவருக்கே தெரியாது.

பார்வை போய்விடுமா?

போகாது. விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. சிவப்புப் பக்கம் உணர்வது ஒன்று, பச்சைப் பக்கம் உணர்வது ஒன்று, நீலத்துக்கு ஒன்று. முதல் இரண்டில் ஏதோ ஒன்று பிறவியிலேயே இல்லாமலோ மாறுபட்டோ இருப்பதுதான் சிவப்பு-பச்சைக் குறைபாடு. இது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. "நிறக்குருடு" என்ற சொல்தான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியிருக்கிறது. உங்களுக்கு நிறம் தெரிகிறது. நெருங்கிய சில நிறங்களைப் பிரிக்கத்தான் முடியவில்லை. அபூர்வமும் இல்லை: ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் இப்படி. நம் நாட்டில் விகிதம் அதைவிடக் குறைவு.

ஆனால் ஒரு திருத்தம். செல்பேசியில் பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் நல்ல கண்ணே தடுமாறும். டோக்கியோவைச் சேர்ந்த இஷிஹாரா 1917இல் வெளியிட்ட அந்தப் படங்களைப் பகல் வெளிச்சத்தில், 75 சென்டிமீட்டர் தூரத்தில், படத்துக்கு மூன்று விநாடி என்று பார்க்க வேண்டும். அதுகூடக் குறைபாடு உண்டா இல்லையா என்றுதான் சொல்லும். எவ்வளவு என்று அளக்க, வண்ண வில்லைகளை வரிசையாக அடுக்கச் சொல்லும் சோதனை போன்ற வேறு சோதனைகள் உண்டு. நீங்கள் இரண்டையும் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், இது உங்களுக்காக மட்டும் அல்ல. நேற்றுவரை சரியாகத் தெரிந்த நிறம் திடீரென்று வெளிறினால், அல்லது ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு மங்கினால், அது பிறவிக் குறைபாடு அல்ல. பார்வை நரம்பில் ஏதோ நடக்கலாம். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் அது.

பைக் சாவி

விளக்குக் கம்பத்தில் சிவப்பு மேலே, பச்சை கீழே. நீங்கள் 25 ஆண்டுகளாக நிறத்தைப் பார்த்து நின்றதில்லை, இடத்தைப் பார்த்து நின்றிருக்கிறீர்கள். சட்டமும் முன்புபோல இல்லை. லேசான, நடுத்தரமான நிறப்பார்வைக் குறைபாடு இருப்பவர்கள் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் படிவங்களை 2020 ஜூனில் மாற்றினார்கள். கடுமையான குறைபாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அளவு பார்க்கும் சோதனை வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 40 வயதுக்கு மேல் உரிமம் புதுப்பித்தபோது மருத்துவச் சான்று கொடுத்திருப்பீர்கள். அதில் கையெழுத்திட்டவர் உங்கள் கண்ணை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நான் கேட்கப்போவதில்லை. அடுத்த முறை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

குறைபாடு சிவப்புப் பக்கமா பச்சைப் பக்கமா என்பதும் சாலையில் முக்கியம். சிவப்புப் பக்கம் என்றால் சிவப்பு விளக்கு நிறம் மாறித் தெரிவதோடு மங்கலாகவும் தெரியும். முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கு எரிவது சற்றுத் தாமதமாகத்தான் புத்தியில் படும். அப்படியானால் இடைவெளியைக் கூட்டுங்கள், அந்தி நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். சோதனை முடியும்வரை சாவி அம்மணியிடமே இருக்கட்டும். ஒரு வாரம் பஸ்ஸில் போனால் பள்ளிக்கூடம் ஓடிவிடாது.

அக்கா மகனின் வேலை

இங்கே நான் இனிப்பாகப் பேச முடியாது. ரயில் ஓட்டும் பணிக்கு ஏ-1 என்ற மருத்துவத் தகுதி தேவை. அதில் நிறப்பார்வைக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. காரணம் பழையது. 1875இல் ஸ்வீடனில் இரண்டு ரயில்கள் மோதின. நிறம் பிரியாத கண் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஹோம்கிரென் என்ற பேராசிரியர் வாதிட்டு, கம்பளி நூல்களைப் பிரிக்கச் சொல்லி ஊழியர்களைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த விபத்துக்கு உண்மையான காரணம் அதுதானா என்று பிற்காலத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால் விதி நியாயமானதுதான். இருட்டில், மழையில், தூரத்தில் தெரியும் ஒற்றை விளக்குக்கு மேல் என்றும் கீழ் என்றும் இடம் கிடையாது. தனக்குப் பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதை அவனிடமே சொல்லுங்கள். புரிந்துகொள்வான்.

கண்ணாடியை வாங்காதீர்கள். அது சில அலைநீளங்களை வடிகட்டிச் சில நிறங்களின் வேறுபாட்டைத் தூக்கிக்காட்டும், அவ்வளவுதான். இல்லாத கூம்புச் செல்லை எந்தக் கண்ணாடியும் தராது. அதைப் போட்டுக்கொண்டு தேர்வு மேசையில் உட்காரவும் விட மாட்டார்கள். படங்களை வரிசையாக மனப்பாடம் செய்யும் "பயிற்சி"க்கும் பணம் கட்ட வேண்டாம். சோதிப்பவர் வரிசையை மாற்றிக் காட்டுவார். அடுத்தது, நிற விளக்கைக் காட்டி நிறத்தைக் கேட்கும் விளக்குச் சோதனை, அதை மனப்பாடம் செய்ய முடியாது. மரபணுச் சிகிச்சை பற்றி அவன் இணையத்தில் படித்திருப்பான். 2009இல் அமெரிக்காவில் இரண்டு குரங்குகளுக்கு அது பலித்தது உண்மை. அதில் ஒன்றுக்கு டால்டன் என்றே பெயர் வைத்தார்கள். மனிதருக்கு அந்தச் சிகிச்சை இன்னும் கடைக்கு வரவில்லை.

கதவுகள் மூடிவிடவில்லை. ரயில்வேயிலேயே எழுத்தர், கணக்கு எழுத்தர் போன்ற, சி-2 என்ற மருத்துவத் தகுதி போதுமான பணிகளுக்கு நிறப்பார்வை கேட்பதில்லை. தேர்வில் வென்ற மூளை அப்படியேதான் இருக்கிறது. நீதிமன்றங்களும் இப்போது, "இந்த வேலைக்கு நிறம் உண்மையிலேயே வேண்டுமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன. தமிழ்நாட்டு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட ஒருவருக்கு அந்தப் பணியைக் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, புனே திரைப்படக் கல்லூரியின் எந்தப் படிப்பிலிருந்தும் நிறப்பார்வைக் குறைபாட்டைக் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்றது. இந்தத் தீர்ப்புகளைப் பிடித்துக்கொண்டு லோகோ பைலட் வேலையைக் கேட்க முடியாது. மற்ற இடங்களில் மறுத்தால் ஏன் என்று கேட்கலாம்.

யாரிடமிருந்து யாருக்கு: திருமணப் பேச்சும் அதில் அடக்கம்

"என் மகனுக்கும் என்னால் வந்துவிடுமோ" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வரவே முடியாது. சிவப்புக்கும் பச்சைக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய். எக்ஸ் அம்மாவிடமிருந்துதான். அவன் 74 என்று வாசித்ததில் ஆச்சரியமே இல்லை.

மகள் வேறு. உங்களிடம் இருப்பது ஒரே எக்ஸ், அது அப்படியே அவளிடம் போயிருக்கிறது. அவள் கண்ணில் குறையில்லை, மற்றொரு எக்ஸ் சமாளித்துக்கொள்கிறது. ஆனால் அவள் இதைச் சுமந்து செல்பவள் என்பதில் சந்தேகம் இல்லை. குறைபாடு இல்லாத ஒருவரை மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இந்தக் குறைபாடு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள்களுக்கு வராது. அக்கா மகனையே மணந்தால் கணக்கு மாறுகிறது. மகன்களுக்கு அதே பாதிக்குப் பாதி, மகள்களுக்கும் பாதிக்குப் பாதி. கணித ஆசிரியருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஐயா, இந்த முறைமாமன் வீட்டுச் சம்பந்தத்தை யோசிக்க நிறம் ஒரு காரணமே அல்ல. தக்காளி பழுத்ததா என்று கேட்டு வாங்கும் ஒரு பேத்தி பிறந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சொந்தத்தில் மணக்கும்போது, குடும்பத்தில் மறைந்திருக்கும் வேறு மரபணுக் குறைகள் இரண்டு பக்கமிருந்தும் சேர வாய்ப்பு கூடுகிறது. காது கேளாமை, ரத்த நோய்கள், மெய்யாகவே பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய்கள் எல்லாம் அதில் அடங்கும். குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறை வரும் வாய்ப்பு, அத்தை மகன் மாமன் மகள் திருமணத்தில் பொதுவாக இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன என்பதும் உண்மை. எல்லாவற்றுக்கும் முன்னால், ஆறு பக்கத்தில் உங்கள் அக்காவின் ஆசை இருக்கிறது, உங்கள் தயக்கம் இருக்கிறது, மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் கேட்டுவிட்டு, இருவருக்கும் விருப்பம் என்றால் மட்டும் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். விருப்பம் இல்லையென்றால், மறுப்பதற்கு அந்தப் பையனின் கண்ணைச் சாக்காக வைக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டவன்.

வெளியில் வரன் பார்த்தால் சொல்ல வேண்டுமா என்கிறீர்கள். ஜாதகத்தோடு இணைத்துக் கொடுக்கும் செய்தி அல்ல இது. நோயே அல்ல. மகளுக்குத் தெரிந்திருக்கட்டும். யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

வீட்டிலும் வகுப்பிலும்

உங்களுக்குக் கேட்டுப் பழக வேண்டிய சில இடங்கள் உண்டு. குழந்தையின் உடம்பில் தடிப்பு, சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், இவை உங்கள் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். சந்தேகம் வந்தால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். செல்பேசி அமைப்புகளில் நிறத் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது, வரைபடங்களுக்கு உதவும். மின்கம்பிகளை நிறம் பார்த்து நீங்களே இணைக்காதீர்கள்.

வகுப்பில் நீங்கள் மற்ற ஆசிரியர்களைவிடக் கூர்மையாக இருக்கலாம். பச்சைப் பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதியதை ஒருவன் விட்டுவிட்டு எழுதினால், மரத்தண்டுக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் தீட்டினால், காதைத் திருகும் முன் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக்குள் தெரிந்துவிட்டால், கப்பல் படிப்புக்கோ விமானி பயிற்சிக்கோ லட்சங்களைக் கட்டிவிட்டு மருத்துவப் பரிசோதனையில் நிற்கும் நிலை வராது. உங்கள் அக்கா மகனை அன்று யாராவது பார்த்திருந்தால் வேறு தேர்வுக்குப் படித்திருப்பான்.

அம்மா

இது அம்மா வழியாக வந்தது என்பது அறிவியல். அம்மாவால் வந்தது என்பது பொய். கருவுற்றிருந்தபோது சாப்பிட்டதும் சாப்பிடாததும், கிரகணத்தில் வெளியே வந்ததும் இதற்குக் காரணம் அல்ல. உங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, துணி எடுக்கப் போனால் பாட்டி இல்லாமல் போகவே மாட்டார் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாட்டியின் மேல் உள்ள பாசம் என்று ஊரே சொன்னதாம். பாசமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அவருக்கும் 21தான் தெரிந்திருக்கும். அவரிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து உங்களுக்கும் அக்காவுக்கும். அம்மா நடுவில் ஒரு தபால்காரர், தபாலைப் பிரித்துப் படிக்காதவர்.

அப்பாவிடம் சொல்லி நிரூபிக்க முடியவில்லையே என்று வருந்துகிறீர்கள். அந்த அடியைப் பார்த்த இன்னொருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், உங்கள் அம்மா. மிளகாய்க் காட்டுக் கதையை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். தாத்தாவைப் பற்றி அவருக்கு இன்னும் பத்துக் கதை நினைவிருக்கும். அதில் பாதிக்கு இப்போதுதான் அர்த்தம் தெரியும்.

நீங்கள் பரிசோதனைக்குப் போகும் நாளில் அவரையும் அழைத்துப் போங்கள். 74 வயதில் நீலப் புடவை சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்கிறாராம். அதற்கும் பரம்பரைக்கும் சம்பந்தம் இல்லை, கண்புரையாக இருக்கலாம். அதைச் சரிசெய்ய முடியும்.